கொறடாவுக்கா, ஓட்டருக்கா?

சட்டசபை மெம்பர் என்பவர் யாருடைய ஆள் என்பதை நமது ஜனங்கள் இனியாவது யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். ஓட்டுக் கேட்க வரும்போது "உங்கள் ஊழியன்" என்று கும்பிடுகிறார். சபைக்குள் நுழைந்ததும் கட்சிக் கொறடா சொன்னபடி கை தூக்குகிறவராகிவிடுகிறார்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைத் தோழர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. 2017 பிப்ரவரி 18-ல் சட்டசபையில் நம்பிக்கைத் தீர்மானம் வந்தது. அதற்கு முன் பல நாள் ஆளுங்கட்சி மெம்பர்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் கூட்டாக வைக்கப்பட்டிருந்தார்கள். ரகசிய ஓட்டு வேண்டும் என்ற கோரிக்கை மறுக்கப்பட்டது. 122 பேர் ஆதரித்தார்கள், தோழர் ஓ.பன்னீர்செல்வம் உள்பட 11 பேர் எதிர்த்தார்கள். பிறகு ஆகஸ்டில் இவ்விரு கோஷ்டியும் கூடிக்கொண்டன. மறுநாளே, தோழர் டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற 19 மெம்பர்கள், முதல் மந்திரி தோழர் எடப்பாடி பழனிசாமி மேல் நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட்டார். மீதி 18 பேரின் பதவியைச் சபாநாயகர் தோழர் தனபால் செப்டம்பர் 18-ல் பறித்துவிட்டார். அவர்களில் ஒருவர் பூந்தமல்லி மெம்பர்.

இதிலுள்ள நியாயத்தைப் பாருங்கள்! சபைக்குள்ளேயே மந்திரிசபைக்கு விரோதமாக ஓட்டுச் செய்த 11 பேருக்குப் பதவி போகவில்லை. அவர்களுடைய தலைவர் துணை முதல் மந்திரியும் ஆனார். வெளியே காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மாத்திரம் பதவி போயிற்று. மனுதர்மத்தில்தான் ஆளுக்கொரு தண்டனை என்று நினைத்திருந்தோம்!

அந்த 18 பேரும் தியாகிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களும் புதுச்சேரி, குடகு விடுதிகளில் தங்கியவர்களே. நமது கேள்வி ஓட்டர்களைப் பற்றியதாகும். வழக்கு நடந்தது, 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு விதமாகச் சொன்னார்கள், அக்டோபரில் மூன்றாவது நீதிபதி பதவி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் வந்தது. மே 23-ல் முடிவு தெரிகிற வரையில், சுமார் 20 மாதம், பூந்தமல்லிக்கு மெம்பரே இல்லை. அதுவோ தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. தலைவர்கள் சண்டைக்கு அபராதம் கட்டியது சேரியும் ஊருமா, அல்லது தலைவர்களா?

1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது, விலைக்குப் போகிறவர்களை அடக்கவே என்றார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் விலைக்குப் போகிறவனையும் மனச்சாட்சிப்படி நிற்கிறவனையும் ஒரே கயிற்றில் கட்டினால், கயிறு தலைவர் கைக்குத்தான் போகும்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே செனட் சபையில் மசோதாவைப் பேசியே தடுக்கும் விதி ஒன்று உண்டு. 60 பேர் சம்மதித்தாலன்றி விவாதம் முடியாது. ஓட்டுரிமை மசோதாவுக்காக அந்த விதியைத் தளர்த்த 2022 ஜனவரியில் ஆளுங்கட்சி முயன்றபோது, அக்கட்சியின் மஞ்சின், சினிமா என்ற இருவர் இணங்கவில்லை. ஜனாதிபதி முதல் எல்லோரும் நெருக்கினார்கள். சினிமாவின் மாகாணக் கட்சி அவர்மீது கண்டனத் தீர்மானமும் போட்டது. பதவியை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. அவர்கள் காத்த விதி யோக்கியமானது என்பதல்ல நமது கட்சி. 1964-ல் நீக்ரோக்களின் சமத்துவ மசோதாவை வாரக்கணக்கில் மறிக்க வெள்ளை ஜாதித் திமிர் பிடித்துக்கொண்ட விதி அதுதான். ஆனாலும் அவர்களுக்குத் தண்டனை கொடுக்கும் உரிமை ஓட்டரிடம் இருந்ததே தவிர, தலைவரிடம் இல்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. மந்திரிசபை நிற்பதா விழுவதா என்ற தீர்மானத்துக்கு மாத்திரமே கொறடா கட்டளை செல்ல வேண்டும். பதவி பறிக்கும் அதிகாரம் கட்சிக்காரரான சபாநாயகரிடம் இருக்கக்கூடாது. தனி நடுவர் மன்றம் பற்றி யோசிக்கும்படி 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே பார்லிமெண்டுக்குச் சொல்லியிருக்கிறது. பதவி பறிபோனால் வழக்கும் தேர்தலும் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரைத் திண்ணையில் உட்கார வைத்து இந்த மூன்றையும் கேளுங்கள். "தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பாரானால், அவர் யாருடைய ஆள் என்பது அங்கேயே தெரிந்து போகும்.