பழைய மோட்டாரும் புதிய கியர்ப் பெட்டியும்

பழம்பொருளைப் போற்றுதல் வேறு. பழமையை எண்ணி ஏங்குதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவார் பலர். அம்மயக்கத்தைத் தெளிவிக்கத்தக்க வழக்கொன்று பழைய மோட்டார் வண்டிகளில் அன்புடையாரிடையே இந்நாளில் நிகழ்கின்றது. பழைய வண்டியின் கியர்ப் பெட்டியை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்தலாமா, ஆகாதா என்பதே அவ்வழக்கு. தமிழ் பயிலும் மாணாக்கருக்கு இதில் யாது தொடர்பு என வினவும் அன்பர் சற்றே பொறுத்தருள்க.

அமெரிக்க நாட்டில் 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ., போர்டு மஸ்டாங் முதலிய வண்டிகள் தோன்றின. பேராற்றல் வாய்ந்த எஞ்சினும், மூன்று அல்லது நான்கு கியர்களே கொண்ட பெட்டியும் அக்காலத்து இயல்பு. 1973-இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடி அச்செருக்கை அடக்கிற்று. இன்று அவ்வண்டிகளை உடையார் பலர், பழைய பெட்டியைக் கழற்றி, டிரெமெக் முதலிய நிறுவனங்கள் செய்யும் ஐந்து அல்லது ஆறு கியர்ப் பெட்டியைப் பொருத்துகின்றனர். நேர்விகிதத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல வேண்டிய வேகத்தை, 0.8 விகிதமுள்ள மேற்கியரில் 2,400 சுழற்சியிலேயே எய்தலாம். எண்ணெய்ச் செலவும் இரைச்சலும் குறையும். எஞ்சினும் நெடுநாள் உழைக்கும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1984-இல் வெளியிட்ட கான்டெஸா, ஆங்கில நாட்டு வாக்ஸ்ஹால் வண்டியின் உடலமைப்பைத் தழுவியது. தோற்றத்திற் சிங்கம் போன்ற அதற்கு முதலில் வாய்த்ததோ, அம்பாசிடரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் நான்கு கியர்ப் பெட்டியுமே. பின்னர் நிறுவனத்தாரே ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் அதனுள் அமைத்தனர். 1990களில் அம்பாசிடருக்கும் அவ்வாறே செய்தனர். கான்டெஸா 2002-லும் அம்பாசிடர் 2014-லும் உற்பத்தி நின்றன. பழைய அம்பாசிடரை உடையார் சிலர், கழித்த வண்டிகளினின்றும் அவ்வைந்து கியர்ப் பெட்டியைத் தேடிப்பிடித்துப் பொருத்திக்கொள்கின்றனர்.

இம்மாற்றத்தால் இழப்பு ஒன்றுமில்லை எனல் பொருந்தாது. பழைய அம்பாசிடரில் கியர்க்கோல் ஸ்டியரிங்கின் பக்கத்தே இருந்தமையால், முன்னிருக்கை ஒரே நீளப் பலகையாய் மூவர்க்கு இடம் தந்தது. தரையினின்று எழும் கோலுடைய பெட்டி வந்தால் நடுவே அமர்வாரின் கால்களுக்கு இடமில்லை. மேலும், பழைய பெட்டியின் முதற்கியரில் பற்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம் இராது. வண்டி ஓடுகையில் அக்கியருக்கு இறங்க வேண்டின், கிளச்சை மிதித்து நடுநிலைக்குக் கொணர்ந்து, காலை எடுத்து, எஞ்சினைச் சிறிது முடுக்கி, மீண்டும் மிதித்துக் கோலைத் தள்ளல் வேண்டும். பெட்டி போயின் அக்கைப்பழக்கமும் உடன்போம்.

ஆதலின் எதையும் மாற்றலாகாது என்பார் ஒருசாரார். அவர்க்கு யாம் கூறுவது இது: ஓடாத வண்டி நினைவுச் சின்னமாகுமேயன்றி வண்டியாகாது. தேய்ந்த பெட்டிக்குப் பல்சக்கரம் கிடையாது கொட்டிலில் துருவேறுவதினும், வேறு பெட்டியால் வீதியிற் செல்லுதல் நன்று. 2021-இல் மத்திய அரசினர் வெளியிட்ட விதியும், ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெருமை வண்டியாக ஏற்பதற்கு, அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் மாறாதிருத்தலையே எடுத்துக் கூறுகின்றது. கியர்ப் பெட்டியின் பெயர் அங்குத் தனித்துக் கூறப்பட்டிலது. சட்டம் பெயர் சுட்டாத இடத்தில் உடையவரின் மனச்சான்றே விதியாகின்றது.

அம்மனச்சான்றுக்கு வழிகாட்ட எம் துறையிலேயே ஒரு நெறி உண்டு. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, தகுந்த பாடத்தை நூலுள் அமைத்தார். ஏனைப் பாடங்களை அழித்தாரல்லர். தம் பதிப்புக்களில் அவற்றைப் பிரதிபேதம் எனக் குறித்து வைத்தார். பின்வருவார் வேறு கருதினும் மூலத்தை அடைய வழி திறந்தே இருந்தது. மோட்டாருக்கும் இந்நெறியே சாலும். புதிய பெட்டிக்காக அடிச்சட்டத்தை அறுத்தலாகாது. கழற்றிய பெட்டியை எண்ணெய் பூசிப் பேணல் வேண்டும். இன்ன நாளில் இன்னது மாற்றப்பட்டது என எழுதி வண்டியுடனே வைத்தல் வேண்டும். மீட்கத்தக்க மாற்றம் திருத்தம்; மீட்கவொண்ணாதது அழிவு.

இவ்வழக்கில் யாம் பெரிதும் அஞ்சுவது பெட்டியின் இழப்பை அன்று. அதனைத் திறக்கவல்ல கைகளின் இழப்பையே. யாம் வாழும் முகப்பேர், பாடிக்கும் அம்பத்தூருக்கும் அணித்தாய் உள்ளது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், 1960களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் தோன்றின, அவற்றைச் சூழ லேத்துப் பட்டறைகள் பலவாய்ப் பெருகின. முரிந்த பல்லைப் பற்றவைத்துக் கடைந்து சீராக்கும் தொழிலாளர் இப்பகுதியில் இன்றும் உளர். ஓசை கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்தது எனச் சொல்லும் அவர்தம் அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. ஆயத்தப் பெட்டிகளே எங்கும் புகுந்துவிடின், அவ்வறிவு அவரோடு மறையும்.

எம் பிராயத்தார் அம்பாசிடரின் பொற்காலத்தைக் கண்டதில்லை. ஆயினும் அதனை எண்ணி ஏங்குகின்றோம். வண்டி ஒன்று வேண்டுமெனின் பதிவு செய்து ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலமும் அதுவே என்பதை மறந்துவிடுகின்றோம். அக்காலம் மீளாது; மீள வேண்டுவதும் இல்லை. மீட்கத்தக்கது அக்காலத்தார் கற்ற தொழிலறிவு ஒன்றே. ஆகவே பழைய மோட்டாரை விரும்பும் மாணாக்கர், ஊர்வலத்தில் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வதோடு அமையாது, குறிப்பேட்டுடன் பட்டறைக்குச் செல்க. முதிய தொழிலாளர் வழங்கும் சொற்களையும் முறைகளையும் கேட்டு எழுதுக. ஏடு தேடி ஊரூராய் நடந்தவர்கள் தமிழைக் காத்தனர். பட்டறை தேடி நடக்க முகப்பேரிலிருந்து நெடுந்தூரம் இல்லை.