ஒரு ஸ்பேஸ் செய்த வேலை

ஆபீஸ் மெசேஜைக் கைதவறி ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டு, பதறியடித்து 'எல்லோருக்கும் டெலீட்' கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த வாரக் கதை உங்களுக்குத்தான். டெலீட் பட்டனே இல்லாத அரட்டை உலகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரே ஒரு ஸ்பேஸால் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்த உலகத்தின் பெயர் ஐ.ஆர்.சி. ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988-ல் யார்க்கோ ஓய்காரினென் எழுதியது. வாட்ஸ்அப்பைவிட 21 வயது மூத்தது. லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களை உருவாக்குகிறவர்கள் இன்றும் அங்கே கூடிப் பேசுகிறார்கள். உள்ளே போவதற்கு அவர்களில் பலர் வைத்திருக்கும் சாவி, 'இர்ஸி'. 1999-ல் டிமோ சிரைனன் என்ற இன்னொரு ஃபின்லாந்துக்காரர் தொடங்கிவைத்தது.

இர்ஸியில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் அதன் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால் திறந்துகொள்ளும். திரையின் அடியில் ஒரே ஒரு வரி. எல்லாம் அதில்தான். முதல் எழுத்து சாய்வுக்கோடாக இருந்தால் அது கட்டளை. கோடு போட்டு 'ஜாயின்' என்றால் ஓர் அறைக்குள் நுழையலாம். 'எம்.எஸ்.ஜி' என்றால் ஒருவரிடம் மட்டும் தனியாகப் பேசலாம். 'க்விட்' என்றால் கிளம்பிவிடலாம். சாய்வுக்கோட்டில் தொடங்காத எதுவும் பேச்சு. அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது போய்விடும்.

என் புனைபெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, அதைப் பாஸ்வேர்டு போட்டுப் பதிவு செய்திருந்தேன். பல நெட்வொர்க்குகளில் இதற்கென்றே 'நிக்சர்வ்' என்றொரு காவல்காரர் உண்டு. ஆள் இல்லை, புரோகிராம். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அவரிடம் தனியாகப் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். அன்று அவசரத்தில், சாய்வுக்கோட்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. முதல் எழுத்து ஸ்பேஸ். ஆகவே இர்ஸிக்கு அது கட்டளை இல்லை, பேச்சு. என் பாஸ்வேர்டு அறை முழுக்கப் போய் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினார்: 'உடனே மாற்றுங்கள்.'

அந்த நொடியில்தான் உறைத்தது. என் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு! புனைபெயர் போனால் போகட்டும். மெயில் போனால்? வேறு எந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தாலும் மாற்றுச் சாவி வருவது மெயிலுக்குத்தானே! கை நடுங்க, முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றினேன். நிக்சர்விடம் அப்புறம்தான் போனேன்.

ஐ.ஆர்.சி. சர்வர் பழைய பேச்சைச் சேர்த்து வைப்பதில்லை. தாமதமாக வருகிறவருக்கு, முன்னால் நடந்தது தெரியாது. ஆனால், அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கம்ப்யூட்டரில் பேச்சைத் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தார்களோ, யார் கண்டது? அப்படிப் பதிவு செய்யும் வசதி இர்ஸியிலேயே இருக்கிறது. திரும்பப் பெற வழியே இல்லை.

யோசித்துப் பார்த்தால் வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். நாம் டெலீட் கொடுப்பதற்குள் நாலு பேர் படித்திருப்பார்கள், ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். டெலீட் பட்டன் தருவது பாதி ஆறுதல்தான்.

அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்டது இரண்டு விஷயம். இர்ஸியின் முதல் ஜன்னல், தகவல் காட்டுவதற்கான ஜன்னல். எந்த அறையும் அதில் கிடையாது. பாஸ்வேர்டு சமாசாரம் எல்லாம் இனி அங்கேதான். கைதவறினாலும் யாருக்கும் போகாது. இரண்டாவது, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. மெயில் பாஸ்வேர்டு வேறெங்கும் கிடையாது.

நரம்பில்லாத நாக்கு என்பார்கள். விரலுக்கு நரம்பு இருந்தும் இந்தக் கதி! உங்கள் மெயில் பாஸ்வேர்டு இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறது? இன்று தூங்கப்போகுமுன் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.