சித்திரக்கதைக்கு வராத யுத்தங்கள்

1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யைத் தாங்கி முத்து காமிக்ஸ் வெளிவந்த நாள் முதலாக, பின்னர் 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அதனோடு சேர்ந்துகொண்ட காலத்திலும், பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்துவைத்தும், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கியும், கைமாற்றிக் கைமாற்றி அட்டை கிழியும்வரை வாசித்தும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாக அடைந்த ஆனந்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தமிழ் எழுத்தைத் தடையின்றி வாசிக்கும் பழக்கம் எத்தனையோ பேருக்கு அந்தக் கட்டங்களுக்குள்தான் உண்டாயிற்று. ஆனால் அந்த வீரபுருஷர்களில் பலர் இரண்டாம் உலக யுத்தத்தின் வெற்றிப் பெருமிதம் தணியாத இங்கிலாந்தில் பிறந்தவர்கள் என்பதையும், மாயாவியே 1962-இல் அந்நாட்டு வாரப் பத்திரிகையொன்றில் அவதரித்தவன் என்பதையும் நினைவிற்கொண்டால், யுத்தம் என்பது ஒற்றை மனிதனின் பராக்கிரமத்தால் தீர்மானிக்கப்படும் விஷயம் என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் எவ்வாறு குடியேறிற்று என்பது விளங்கும். அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்குப் பல மாதங்கள் முன்னரே, 1941 மார்ச் மாத இதழின் அட்டையில், கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டாகிவிட்டது!

வீரனை விட்டு, கண்டதைச் சொல்லும் நிருபரையே நாயகனாக்கிய சித்திரக்கதையும் உண்டு. 1929 ஜனவரியில் பெல்ஜியத்தில் பிறந்த டின்டின் தொழிலால் பத்திரிகை நிருபன். ஜப்பான் மஞ்சூரியாவில் புகுவதற்கு வழிசெய்த 1931-ஆம் வருஷத்து ரயில்பாதை வெடிப்பை, சீன நண்பர் சாங் சொங்ரென்னிடம் கேட்டறிந்து, உண்மைக்கு மிக அருகில் நின்று ‘நீலத்தாமரை’யில் வரைந்தார் டின்டினைப் படைத்த ஹெர்ஷே. அதே ஹெர்ஷே, 1940-இல் ஜெர்மானியர் தம் நாட்டைப் பிடித்துக்கொண்ட பிறகு, அவர்களுடைய கட்டுப்பாட்டில் நடந்த பத்திரிகையில் புதையல் வேட்டைகளையும் விண்கல் தேடும் யாத்திரைகளையும் வரைந்துகொண்டிருந்தாரேயன்றி, தம் ஜன்னலுக்கு வெளியே நடந்த யுத்தத்தை டின்டினின் கண்ணில் படவிடவில்லை. அவருடைய கலைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. தூரதேசத்துக் கொடுமைக்குச் சாட்சி சொல்வதைக் காட்டிலும், தன் எஜமானர்களின் நிழலில் இருந்துகொண்டு சாட்சி சொல்வது எத்தனை கடினம் என்பதையே சொல்கிறேன்.

அந்தக் கடினமான காரியத்தை இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்தவர், புதுச்சேரியை அடுத்த எங்கள் கோட்டக்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தவர். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் சந்தை விலையும் குடும்பச் சடங்கும் இருப்பதுபோலவே யுத்தமும் இருக்கிறது. 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் பெருங் கப்பற்படையோடு வந்து புதுச்சேரியை வளைத்துக்கொண்டதும், அக்டோபர் மழைக்கு முன்னால், பெரும்பாலும் நோயினாலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்துப் பின்வாங்கியதும் எல்லாச் சரித்திர நூல்களிலும் காணக்கூடியவை. அந்த முற்றுகை நாட்களில் ஊர் ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள், யார் யார் ஓடினார்கள் என்பவற்றையோ பிள்ளையவர்களிடம்தான் காண முடியும். தாம் சோறு தின்ற எஜமானரின் ஆட்சியிலேயே, அந்த முற்றுகைக்கு நடுவில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் மறைக்கவில்லை. மனம் நொந்து, நடந்தது நடந்தபடியே எழுதினார். அந்த அஞ்சாமைக்கு முன்னால் மாயாவியின் இரும்புக்கை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அடுத்த முற்றுகை இன்னும் கொடியது. 1760 நவம்பரில், கோட்டைக்குள் தானியம் அருகிவிட்டதைக் கண்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, நகரத்து ஜனங்களில் ஏறத்தாழ 1400 பேரை, பெண்டு பிள்ளைகளோடு, மதிலுக்கு வெளியே துரத்தினான். வெளியே வளைத்து நின்ற ஆங்கிலப் படை அவர்களை அப்பால் போகவிடவில்லை. கோட்டைக்குள் திரும்பவும் வழியில்லை. இரண்டு பீரங்கி வரிசைகளுக்கும் இடைப்பட்ட வெற்று நிலத்தில் எட்டு நாட்கள் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று அலைந்த பிறகே ஆங்கிலத் தளபதி ஐர் கூட் இரங்கி வழிவிட்டான். ஜனவரி முதல் தேதியன்று அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் உடைந்ததும், அந்த மாத நடுவில் நகரம் சரணடைந்ததும், பிள்ளையவர்கள் அதே ஜனவரியில் உயிர்நீத்ததும் தொடர்ந்து நிகழ்ந்தவை. நாம் கடைத்தெருவுக்கென்று புதுச்சேரி போய்வருகிற தூரத்துக்குள் அந்த 1400 பேர் புல் பிடுங்கினார்கள். அதை வரைந்த சித்திரக்கதை ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

பிற்காலத்துச் சாட்சிகளுக்கும் குறைவில்லை. வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு 1944-இல் நூலாகவும் வெளியிட்ட ‘தி ஹிந்து’ நிருபர் டி. ஜி. நாராயணன், பர்மா யுத்தமுனைக்கும் சென்று செய்தி அனுப்பியவர். யாழ்ப்பாணத்தில் பி.பி.சி. தமிழோசைக்காகச் செய்தி சேகரித்துவந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, ராணுவக் காவல் நிறைந்த பகுதியிலிருந்த தம் வீட்டில் எழுதிக்கொண்டிருக்கையில், ஜன்னல் வழியாகச் சுடப்பட்டு மாண்டார். சித்திரக்கதை நாயகனுக்குக் கடைசிப் பக்கத்தில் தப்பிக்கும் வழி உண்டு. நிமலராஜனுக்கு அது இல்லை.

இத்தகைய விஷயங்கள் சித்திரக்கதைக்கு ஒவ்வாதவை என்பாருக்கு ஜோ சாக்கோவின் நூல்களைக் காட்டலாம். காஸாவில் 1956-இல் நடந்த படுகொலைகளைப் பற்றி, அவற்றைக் கண்ட முதியவர்களை வீடு வீடாகத் தேடிச்சென்று விசாரித்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே வரைந்து 2009-இல் வெளியிட்டவர் அவர். 2019-இல் பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்ஸே பொல்லாக்கும் ‘வன்னி’ என்ற பெயரில் ஈழப்போரின் இறுதிக் காலத்தில் ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சித்திரங்களாக்கினார்கள். அந்நியர் செய்த இந்தக் காரியத்தை நம்மவர் செய்யாதிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. சிவகாசியில் அச்சுக்கூடங்களும், அரை நூற்றாண்டுப் பழக்கமும், காத்திருக்கும் வாசகர்களும் இருக்க, குறைவாயிருப்பது விருப்பம் ஒன்றே.

எங்கள் அஞ்சுமன் நூலகத்தைப் போன்ற ஊர் நூலகங்களும், பள்ளிகளும், புதுச்சேரியின் ஓவியக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்தால், முதல் புத்தகத்துக்குப் பொருள் தேடிப் பிரெஞ்சு தேசத்துக்கோ இலண்டனுக்கோ போக வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோ-சீனத்திலும் அல்ஜீரியாவிலும் நின்று, பென்ஷனோடு திரும்பிய ‘சொல்தா’க்களின் குடும்பங்கள் புதுச்சேரி வட்டாரத்தில் இன்றும் உள்ளன. அல்ஜீரிய யுத்தம் 1962-இல் முடிந்தது. அன்று இருபது வயதாயிருந்தவருக்கும் இப்போது எண்பதுக்கு மேலாகிறது. ஆகையால் வருகிற நவம்பர் நூலக வார விழாவில் பேச்சுப்போட்டியோடு நின்றுவிடாமல், வரையத் தெரிந்த பிள்ளைகளை இருவர் இருவராக அந்த வீடுகளுக்கு அனுப்பிக் கேட்டு எழுதிவரச் செய்யவேண்டும் என்று நூலகப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.