செமஸ்டர் பீஸ் கட்ட 10 நாள் கெடு... உதவித்தொகை வருவதோ ஆறு மாதம் கழித்து! தோல் நகர மாணவர்களுக்கு அவசர நிதி எங்கே?

வாணியம்பாடி:

தோல் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் அந்த செய்தி முதலில் வந்து சேரும் இடம் காலேஜ் ஆபீஸ் கவுண்ட்டர்தான். "சார், இன்னும் ஒரு வாரம் டைம் குடுங்க" என்று பிள்ளைகள் வரிசையில் நிற்க ஆரம்பித்தால், எந்த கம்பெனியில் வேலை இல்லை என்று தனியாக விசாரிக்க வேண்டியதே இல்லை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பகுதியில் டேனரி, ஷூ கம்பெனி வேலையை நம்பி இருக்கும் பல வீடுகளில் இன்று காலேஜ் போகிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அப்பா எட்டாவதோடு நின்றவர். அம்மா பீடி சுற்றுகிறார். பொண்ணு பி.காம். படிக்கிறது.

இப்படி ஒரு வீட்டுக்கு கணக்கு போட்டு பார்ப்போம். அப்பாவுக்கு பீஸ் ரேட் வேலை. ஆர்டர் இருந்தால் வாரத்தில் ஆறு நாள், இல்லை என்றால் மூன்று நாள். காலேஜில் நோட்டீஸ் ஒட்டியாச்சு. பத்து நாளில் 8 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். கையில் இருப்பது 3 ஆயிரம். தேதி தாண்டினால் அபராதம். அதுவும் தாண்டினால் ஹால் டிக்கெட் பிரச்சினை. குறைவது வெறும் 5 ஆயிரம் ரூபாய்தான். அம்மா காதில் இருக்கும் தோடு அடகு கடைக்கு போகும். அது ஏற்கனவே போயிருந்தால் மீட்டர் வட்டிதான்.

ரூ.17 ஆயிரத்து 500-க்கு போன சீட்

இந்த சின்னத் தொகை என்ன பாடு படுத்தும் என்பதை 2024-ல் நாடே பார்த்தது. உத்தரபிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தை சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் சீட் கிடைத்தது. அப்பா தினக்கூலி. சீட்டை உறுதி செய்ய ரூ.17 ஆயிரத்து 500 கட்ட வேண்டும். ஜூன் 24-ந் தேதி மாலை 5 மணி கெடு. பணத்தை புரட்டி முடிப்பதற்குள் மணி நாலே முக்கால். ஆன்லைனில் கட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்து சீட் போய்விட்டது.

அந்த வருஷம் நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்த பையன் சென்னை ஐகோர்ட்டுக்கும் வந்தான். கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு போனான். செப்டம்பர் 30-ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவை பயன்படுத்தி, அவனுக்கு சீட் கொடுக்க உத்தரவிட்டது. பதினேழாயிரம் ரூபாய் விவகாரத்துக்கு மூன்று மாத அலைச்சல், நாட்டின் உச்ச கோர்ட்டு! நம்ம ஊர் பி.காம். மாணவி 5 ஆயிரத்துக்கு டெல்லி போக முடியுமா?

திட்டம் இருக்கு, நேரத்துக்கு இல்லை

"அரசாங்கம்தான் எவ்வளவோ கொடுக்குதே" என்பார்கள். உண்மைதான். அரசு பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் ரூ.1000 என்று ஆரம்பிக்கப்பட்டன. உதவி பெறும் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர் வெளியே. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு தனித்தனி உதவித்தொகை உண்டு. கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்று விதி இருக்கிறது. ஆனால் 5 ஆயிரம் ரூபாய்க்கு எந்த பேங்க் மேனேஜர் கல்விக்கடன் பைல் போடுவார்?

உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டு, காலேஜ் சரிபார்த்து, துறை சரிபார்த்து, பேங்க் கணக்கில் ஏறுவதற்குள் அந்த செமஸ்டர் முடிந்துவிடுகிறது.

இதைவிட பெரிய ஓட்டை வருமான சான்றிதழில் இருக்கிறது. இ-சேவையில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ் சொல்வது வீட்டின் ஆண்டு வருமானத்தை. போன மாதம் கம்பெனி மூடியது அதில் தெரியாது. 2020 மார்ச் ஊரடங்கில் டேனரி எல்லாம் மொத்தமாக நின்றது. 2025 ஆகஸ்டில் இந்திய சரக்குக்கு அமெரிக்கா முதலில் 25 சதவீதம், 27-ந் தேதி முதல் இன்னொரு 25 சதவீதம் என்று வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பிய ஷூ கம்பெனிகள் ஆடிப்போயின. இப்படி திடீரென்று விழுகிற அடிக்கு போன வருஷ கணக்கை வைத்து கொடுக்கிற உதவி எப்படி பொருந்தும்?

பள்ளிக்கூட பிள்ளைகளுக்காவது ஒன்று இருக்கிறது. அரசு, உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும்போது சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால் ரூ.75 ஆயிரம் கொடுக்கும் திட்டம். பிளஸ்-2 முடித்து காலேஜில் காலை வைத்ததும் அந்த பாதுகாப்பு போய்விடுகிறது. தோல் தொழிலில் விபத்து அபூர்வமா என்ன? 2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவு தொட்டி சுவர் உடைந்து 10 தொழிலாளிகள் இறந்ததை இந்த பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அமெரிக்க காலேஜ் செய்த வேலை

நமக்கு வரி போட்ட அதே அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில், கொஞ்சம் பீஸ் பாக்கிக்காக பல மாணவர்கள் படிப்பில் இருந்து நீக்கப்பட்டு வந்தார்கள். 2011-ல் யுனிவர்சிட்டியே ஒரு சின்ன நிதி ஆரம்பித்தது. மாணவன் மனு போட வேண்டாம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது யுனிவர்சிட்டி கணக்கிலேயே இருக்கிறதே! நன்றாக படிக்கிறவன், சில நூறு டாலர் மட்டும் குறைகிறது என்றால் அவன் கணக்கில் நேராக வரவு வைத்தார்கள். பணம் யுனிவர்சிட்டியை விட்டு வெளியே போகவே இல்லை, பையனும் படிப்பை விட்டு போகவில்லை.

இதை இங்கே செய்ய தடை என்ன? "யார் நிஜ ஏழை, யார் நடிக்கிறான் என்று எப்படி தெரியும்" என்று கேட்பார்கள். கிளாஸ் டீச்சருக்கு தெரியும். எந்த பொண்ணு மதியம் டிபன் பாக்ஸ் திறக்கவில்லை என்பது வரை தெரியும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 100 பேருக்கு தலா 5 ஆயிரம் என்றால் 5 லட்சம். வாணியம்பாடியில் கொடுக்கிற கைக்கு பஞ்சமா? 1919-ல் இங்கே இஸ்லாமியா கல்லூரி வந்ததே முஸ்லிம் கல்வி சங்கத்தின் முயற்சியில்தான். ரம்ஜானில் ஜகாத் பணம் எவ்வளவோ பேருக்கு போய் சேருகிறது. ஆனால் 2026-ல் ரம்ஜான் நோன்பு பிப்ரவரி, மார்ச்சில் வந்தது. பீஸ் கெடு ஜூன், டிசம்பர் பக்கம் வருகிறது. ஒரு பங்கை தனியாக எடுத்து வைத்தால் அந்த நேரத்துக்கு உதவும். ஜகாத் யாருக்கு சேரும் என்ற மார்க்க விதியை உலமாக்கள் சொல்லட்டும். சதகாவுக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது, எந்த சமுதாய பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

பெரிய கம்பெனிகளுக்கு சட்டமே இருக்கிறது. 2013 கம்பெனி சட்டப்படி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, லாபத்தில் 2 சதவீதத்தை சமூக பணிக்கு செலவிட வேண்டும். அந்த பட்டியலில் கல்வியும் உண்டு. ஸ்கூலுக்கு பெஞ்ச் வாங்கி அதில் கம்பெனி பெயர் எழுதுவதோடு, தன் தொழிலாளி பிள்ளையின் பீஸ் பாக்கியையும் பார்க்கலாம். பெஞ்சில் பெயர் தெரியும், பீஸ் ரசீதில் தெரியாது. அதுதான் சிக்கலோ என்னவோ!

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். கலெக்டரின் விருப்புரிமை நிதியில் இருந்து கல்வி உதவி கேட்க வழி உண்டு. காலேஜ் கொடுத்த பீஸ் நோட்டீசையும், கம்பெனியில் வேலை இல்லை என்பதற்கு கையில் இருக்கும் ஆதாரத்தையும் சேர்த்து வையுங்கள்.

பி.எப்., இ.எஸ்.ஐ. இல்லாத டேனரி, செருப்பு தொழிலாளிகளுக்கு தனி நல வாரியம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு கல்வி உதவி கிடைக்கும். பி.எப். பிடிக்கும் கம்பெனியில் இருப்பவர்கள் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தில் கேட்கலாம். பீடி தொழிலாளர் அட்டை உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சக உதவித்தொகை தனியாக உண்டு.

பீஸ் பாக்கிக்காக அசல் சான்றிதழை தரமாட்டேன் என்று காலேஜ் சொன்னால் பயப்பட வேண்டாம். அசல் சான்றிதழை பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது.

நல வாரிய பதிவை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அட்டை காலாவதி ஆகியிருந்தால் மனு எடுபடாது. இன்று ராத்திரி வீட்டுக்கு போனதும் அதில் உள்ள தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.