கமிட்டிகளை இணைப்பது யார்? அதிகாரியா, மக்களா?

மலையில் பெய்யும் மழைக்கு வார்டு எல்லை தெரியாது. மேல் வார்டில் விழுந்த தண்ணீர் நடு வார்டின் ஓடையில் இறங்கி, கீழ் வார்டுத் தொழிலாளியின் வீட்டுச் சுவரில் வந்து மோதுகிறது. இந்த மூன்று வார்டுகளுக்கும் மூன்று கமிட்டிகள் உண்டு. மூன்றும் தனித்தனியே கூடுகின்றன. தனித்தனியே தீர்மானம் போடுகின்றன. ஒரு கமிட்டி முடிவு செய்தது அடுத்த கமிட்டியின் காதுக்கு எட்டுவதில்லை.

இதை ஏதோ ஆபீஸ் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியுமா? 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் 40க்கும் மேற்பட்டோர் மண்ணுக்கடியில் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இப்படிப்பட்ட மலையில் ஒரு சாக்கடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது உயிர்ப் பிரச்னை.

சட்டம் வந்த கதை

வார்டு கமிட்டி சர்க்கார் மனமுவந்து கொடுத்த தானம் அல்ல. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே வார்டு கமிட்டியைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் ஊட்டியின் ஜனத்தொகை 90 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. மலை நகரங்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. தமிழ்நாட்டில் 2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிகள் எப்போது வந்தன? 2022இல்! பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் சட்டம் அலமாரியில் தூங்கியது. அதற்கிடையே 2016 முதல் 2022 வரை நகரசபைகளே இல்லை, அதிகாரிகள் ஆட்சிதான். மக்கள் இயக்கங்கள் விடாமல் கேட்டதன் பேரில்தான் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் பிறந்தன.

பிறந்த குழந்தைக்குக் கையும் காலும் சரியாக இருக்கின்றனவா? வார்டு கவுன்சிலரே தலைவர். பகுதிப் பிரதிநிதிகளை அந்தப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நகரமன்றம் நியமிக்கிறது. ஊட்டியில் 36 வார்டுகள், குன்னூரில் 30 வார்டுகள். ஒவ்வொரு கமிட்டியும் தன் வார்டு எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது. நகரத்தையே குறுக்காக வெட்டிச் சென்று ஏரியில் விழும் கோடப்பமந்து கால்வாயை எந்த ஒரு வார்டு கமிட்டி சுத்தம் செய்துவிட முடியும்? மேலே குப்பை கொட்டுவது நிற்காமல் கீழே தூர்வாரினால், அடுத்த மழைக்குள் பழைய கதைதானே!

நான் கண்ணால் கண்டது

வார்டு கமிட்டிகள் வந்த பிறகு நம் ஜில்லாவின் ஒரு நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மலையில் வாழும் எவருக்கும் இது சொந்தக் கதையாகத்தான் இருக்கும்.

மேல் வார்டில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்கள் நியாயமாகக் கேட்டார்கள். கமிட்டி தீர்மானம் போட்டது. சிமென்ட் கால்வாய் கட்டினார்கள். முன்பு மண்ணில் ஊறி, புல்லில் தேங்கி, மெதுவாக இறங்கிய தண்ணீர் இப்போது குதிரை வேகத்தில் பாய்ந்து கீழ் வார்டின் தடுப்புச் சுவரை அறைந்தது. ஒரு மழை இரவில் சுவர் சரிந்து, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் சமையலறையை அப்படியே மூடியது. குழந்தைகள் முன் அறையில் படுத்திருந்ததால் பிழைத்தார்கள்.

மறுநாள் நான் போனபோது, சேற்றிலிருந்து பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: “எங்க தண்ணி கீழே யார் வீட்டுக்குப் போகும்னு மேலே இருக்கிறவங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அண்ணா?”

மேல் வார்டு கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், முகம் வெளுத்துவிட்டது. “எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே” என்றார். உண்மைதான்! இரண்டு வார்டுகளின் தீர்மானப் புத்தகங்களையும் பார்த்தேன். மேல் வார்டுப் புத்தகத்தில், “கால்வாய்ப் பணி திருப்திகரமாக முடிந்தது.” கீழ் வார்டுப் புத்தகத்தில், “தண்ணீர் வரத்து அதிகமாகியுள்ளது; பார்வையிடக் கோரப்படுகிறது.” இரண்டிலும் ஒரே அலுவலரின் கையெழுத்து! இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கோ இரண்டும் வெறும் காகிதம்.

அதிகாரிகளின் வைத்தியம்

“கமிட்டிகளுக்குள் தொடர்பு இல்லையா? ஓர் அலுவலரைத் தொடர்பாளராகப் போட்டுவிட்டால் தீர்ந்தது” என்கிறார்கள் சில கனவான்கள். நோயையே மருந்தாகக் கொடுக்கும் யோசனை இது! தொடர்பு ஏற்கெனவே அலுவலர் கையில்தானே இருக்கிறது? அவருக்கு மேலதிகாரி உண்டு, மாற்றல் உத்தரவு உண்டு, காண்டிராக்டரின் பில் உண்டு. சமையலறை இழந்த அம்மாவுக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா?

“கவுன்சிலர்கள்தான் நகரமன்றத்தில் ஒன்றாக உட்காருகிறார்களே, அது போதாதா?” என்று வேறு சிலர் கேட்கிறார்கள். உட்காருகிறார்கள். அங்கே ஒவ்வொரு கவுன்சிலரும் தன் வார்டுக்கு எவ்வளவு நிதி என்றுதான் மல்லுக்கு நிற்கிறார். பக்கத்து வார்டின் தண்ணீர் அவருடைய ஓட்டுக் கணக்கில் சேராது.

நம் தோழர்களில் சிலரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். “கமிட்டியே கண்துடைப்பு, இதில் தொடர்பாளர் வேறா?” என்கிறார்கள். தோழர்களே, அதிகாரம் இல்லாத கமிட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் காலியாக விடும் நாற்காலியில் காண்டிராக்டரின் மைத்துனன் வந்து உட்காருகிறானே, அதைப் பார்த்தீர்களா? குறையுள்ள உரிமையைப் பிடித்துக்கொண்டு நிறைவான உரிமைக்குப் போராடுவதுதான் தொழிலாளி வர்க்கத்தின் அனுபவம்.

“தொண்டு” யாருக்குச் சுலபம்?

தொடர்பாளரும் சம்பளமில்லாத தொண்டராகவே இருப்பார் என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது! கூட்டம் வேலை நாளில், காலை 11 மணிக்கு. பென்ஷன் வாங்குபவர் வரலாம். கடை முதலாளி வரலாம். பங்களாக்காரர் காரில் வரலாம். கொழுந்து பறிக்கும் பெண் வந்தால் அன்றைய கூலி போயிற்று. பஸ் செலவும் கைக்காசு. கூலி இழப்பை ஈடு செய்யாத தொண்டு வசதி படைத்தவர்களின் தனிச் சொத்தாகிவிடும். அப்புறம் 36 கமிட்டிகளையும் இணைத்தாலும் என்ன பயன்? மேட்டுக்குடியை மேட்டுக்குடியோடு இணைத்ததாகத்தான் முடியும்.

லயன் வீடுகளின் கதி இன்னும் மோசம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் குடிநீரும் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்றது. அதையே சாக்காக வைத்து நகரசபை முதலாளியைக் கைகாட்டும். முதலாளி நகரசபையைக் கைகாட்டுவார். இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் தாகத்தோடு நிற்கும் தொழிலாளியின் குரலை ஒரு கமிட்டியிலிருந்து இன்னொரு கமிட்டிக்கு எடுத்துச் செல்ல அவர்களில் ஒருவரே போக வேண்டும்.

நடக்கக்கூடியதா?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் திட்ட நிதியில் 35 முதல் 40 சதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கினார்கள். கிராம சபைகள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து வளர்ச்சிக் கருத்தரங்குகளுக்கு அனுப்பின. ஒரு வார்டின் தேவை இன்னொரு வார்டின் தேவையோடு நேருக்கு நேர் சந்தித்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆயினும், சாதாரண ஜனங்கள் தொடர்பாளர்களாக இருக்க முடியும் என்பது நிரூபணமாயிற்று. நம் நாட்டிலேயே 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதம் இடம் வியாபாரிகளுக்கு, அதுவும் அவர்களே தேர்ந்தெடுப்பவர்களுக்கு என்கிறது. தள்ளுவண்டிக்காரர் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் வார்டு ஜனங்கள் ஏன் கூடாது?

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு தொடர்பாளர்களைப் பகுதி சபைகளில் பகிரங்கமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் பெண். கவுன்சிலரின் உறவினருக்கும் காண்டிராக்டருக்கும் இடமில்லை.

மேல் வார்டுக் கூட்டத்தில் கீழ் வார்டின் தொடர்பாளர் உட்கார்ந்து பேச வேண்டும். நகர விற்பனைக் குழுவிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பார்வையாளராக அவரை அனுமதிக்க வேண்டும்.

தண்ணீர், கால்வாய், தடுப்புச் சுவர் பற்றிய எந்தத் தீர்மானமும் கீழ் வார்டின் கருத்தைக் கேட்ட பிறகே நகரமன்றத்துக்குப் போக வேண்டும்.

கூட்ட நாளின் கூலியையும் பஸ் கட்டணத்தையும் நகரசபை கொடுக்க வேண்டும்.

கேட்டதையும் சொன்னதையும் தொடர்பாளர் பகுதி சபையில் அறிக்கையாக வாசிக்க வேண்டும். கடமை தவறினால் திருப்பி அழைக்கும் உரிமை மக்களுக்கு வேண்டும்.

விதிகள் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வார்டுக்காரரைக் கூட்டத்துக்கு அழைக்கக் கோட்டையின் உத்தரவு எதற்கு? அடுத்த பகுதி சபையில் எழுந்து நின்று, “எங்கள் தண்ணீர் கீழே யார் வீட்டுக்குப் போகிறது?” என்று கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை உட்காராதீர்கள்!