மனநோய்க்கும் காப்பீடு: சட்டம் சொல்லியாச்சு, கம்பெனிக்குக் கேட்கலையா?



தோல் உரிஞ்சு ரத்தம் வந்த பிறகும் கை கழுவுறதை நிறுத்த முடியாதவங்க இருக்காங்க. பூட்டின கதவையே விடிய விடிய இழுத்துப் பார்க்கிறவங்களும் இருக்காங்க. இது ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய். நாமோ "ஓவர் சுத்தம்டா"ன்னு கிண்டல் அடிச்சிட்டுப் போயிடுறோம்.

மருந்தும், பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நேரில் சந்திக்கப் பழக்கும் சிகிச்சையும் பலருக்குப் பலன் தருது. முற்றிய நிலையில சிலர் வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை எடுக்க வேண்டி வரும். பெங்களூரு நிம்ஹான்ஸ்ல இதுக்குன்னே தனி கிளினிக் இருக்கு. தனியார்ல தங்கினா? பில்லைப் பார்த்தே வீடு ஆடிப்போகும்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4): உடல் நோய்க்கு எப்படியோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரணும். 2018 மே 29 முதல் அமலில் இருக்கு. அப்புறமும் 2022 அக்டோபரில் ஐஆர்டிஏஐ மறுபடி உத்தரவு போட வேண்டி வந்துச்சே, ஏன்? 2021ல ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போன பிறகுதான், மறுத்த கிளெய்மைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துச்சு. நோயோட போராடுறவங்க கோர்ட்டுக்கும் அலையணுமா? மீறுற கம்பெனிக்கு அபராதம் போடுங்க, அப்பத்தான் உறைக்கும்!

உங்க பாலிசியை இன்னிக்கே எடுத்துப் பாருங்க. மனநோய்க்கு மட்டும் தனி உச்சவரம்பு இருந்தா கேள்வி கேளுங்க. கிளெய்மை மறுத்தா காரணத்தை எழுத்துப்பூர்வமா வாங்குங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்குப் புகார். ஒரு மாசத்துல பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போங்க. அங்க கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.