கிளப்புக்கு ஓனர் இருக்காங்க... கிரவுண்டுக்கு யாரு? வடசென்னை ஃபுட்பாலின் பணக் கணக்கு

ஒரு ஆளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, 120 ரூபாய்.

2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தில் இருந்த எண் இது. மாநகராட்சிக்குச் சொந்தமான 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்கு விடுவது, விளையாட வருபவர்களிடம் கட்டணம் வாங்குவது என்பதுதான் திட்டம். எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் தீர்மானம் வாபஸ் ஆனது. மாநகராட்சியே பராமரிக்கும், கட்டணம் கிடையாது என்று அறிவிப்பும் வந்தது. எல்லோரும் அடுத்த டிரெண்டிங்குக்குப் போய்விட்டார்கள்.

வேலை முடிந்து டர்ஃப் புக் பண்ணி, ஆளுக்கு இவ்வளவு என்று ஜிபேயில் பிரித்துக்கொள்பவர்களுக்கு 120 ரூபாய் ஒரு காபி காசு. வியாசர்பாடியில் தினமும் பயிற்சிக்கு வரும் 13 வயசுப் பையனுக்கு? மாசம் 25 நாள், தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தாலே 3,000 ரூபாய். அண்ணன் தம்பி இருவர் என்றால் 6,000. அந்த ஏரியாவில் ஒரு வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கட்டணம் போனது நல்லது. ஆனா கேள்வி போகலை. புல்லை மாற்ற, லைட் போட, வாட்ச்மேன் சம்பளம் தர பணம் எங்கிருந்து வரும்? இந்திய ஃபுட்பாலின் உச்சியில் இருக்கும் கிளப்புகள் பல வருஷமாக முட்டிக்கொண்டிருப்பதும் இதே கேள்வியில்தான்.

ஓனர் உண்டு, சொந்த வீடு இல்லை

சென்னையின் எஃப்சி 2014-ல் தொடங்கியது. அபிஷேக் பச்சன், வீட்டா டானி, தோனி என ஓனர் வரிசையே ஒரு போஸ்டர் மாதிரி இருக்கும். 2015, 2017-18 என இரண்டு ஐஎஸ்எல் கோப்பைகள். 2018 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வீழ்த்தியபோது ஒரு கோல் அடித்த தனபால் கணேஷ், வியாசர்பாடி மண்ணில் ஆடி வளர்ந்தவர். அன்றைக்கு அவர் கோல் அடித்த நேரு ஸ்டேடியம், பேசின் பிரிட்ஜ் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான்.

அந்த ஸ்டேடியம் கிளப்புடையது இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. ஐஎஸ்எல் நடக்கும்போது 'மெரினா அரீனா' என்று பெயர் மாட்டுவார்கள். மேட்ச் முடிந்தால் பேனரோடு பெயரும் இறங்கிவிடும். சுற்றிலும் தடகள டிராக் இருப்பதால் ரசிகர்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு ரோடு அளவு இடைவெளி. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா தொடக்க விழாவும் அங்கேதான் நடந்தது. அரசு ஸ்டேடியத்தில் அரசு விழா நடப்பதில் தப்பே இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கு அது சொந்த வீடாகாது, அவ்வளவுதான்.

2019-ல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பையில் முதல்முறை ஆடிய சென்னையின் எஃப்சி, தன் 'ஹோம்' மேட்ச்சுகளை ஆடியது அகமதாபாத்தில்!

சொந்த ஸ்டேடியம் இருந்தால் என்ன கிடைக்கும்? டிக்கெட் மட்டும் இல்லை. பெயர் உரிமை, சாப்பாட்டுக் கடை, பார்க்கிங், மியூசியம், மேட்ச் இல்லாத நாளில் கச்சேரி என்று வருஷம் முழுக்க வருமானம். லண்டனின் டாட்டன்ஹாம் 2019-ல் திறந்த ஸ்டேடியத்தில் அமெரிக்க ஃபுட்பால் மேட்ச்சே நடக்கிறது; அதற்கென்றே புல்தரையை நகர்த்தி வைக்கும் வசதி செய்திருக்கிறார்கள். வாடகைக் கிளப்புக்கு இதெல்லாம் கிடையாது. டிவி பணம், ஸ்பான்சர், ஓனரின் பாக்கெட், இவை மட்டும்தான்.

அந்த டிவி பணம் எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை 2025 காட்டியது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் கொடுத்து லீக்கை நடத்திவந்தது ரிலையன்ஸ் தரப்பு நிறுவனமான எஃப்எஸ்டிஎல். 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புது ஒப்பந்தம் ஆகாததால் ஜூலையிலேயே சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு எஃப்சி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. பிறகு சம்மேளனம் டெண்டர் விட்டது. ஒருத்தர்கூட ஏலம் கேட்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14-ல்தான், சுருக்கப்பட்ட சீசனாக, பந்து உருண்டது.

ஜெயிச்சா போதுமா?

போதாது. உதாரணம் வெளியில் தேட வேண்டாம். 2018-19 ஐ-லீக் சாம்பியன், சென்னை சிட்டி எஃப்சி. அந்தக் கிளப்பும் சென்னைப் பெயரை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில்தான் ஆடியது. அதே சீசனில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது, ஐரோப்பியப் பணம் வந்துவிட்டது, இனி எல்லாம் மாறும் என்ற பேச்சு. அப்போது ஐ-லீக்கை ஜெயித்தாலும் ஐஎஸ்எல்லுக்குப் பதவி உயர்வு இல்லை. 2021-22 சீசன் பட்டியலில் கிளப்பின் பெயரே இல்லை. கோப்பை வென்று மூன்றே வருஷம்! வெளிநாட்டுப் பங்குதாரர், கோப்பை, நல்ல கோச், எல்லாம் இருந்தும் காலுக்குக் கீழே சொந்தமாக எதுவும் இல்லை.

துறைமுகமும் ஃபேக்டரியும் பெற்ற ஆட்டம்

எண்ணூர், திருவொற்றியூர் மாதிரி ஃபேக்டரி ஏரியாவுக்கு ஃபுட்பால் புதுசு இல்லை. உலகத்தில் பாதி பெரிய கிளப்புகள் பிறந்ததே இப்படிப்பட்ட இடத்தில்தான். லண்டன் கிழக்கில் கப்பல் கட்டும் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் தொழிலாளர்கள் 1895-ல் தொடங்கிய அணிதான் இன்றைய வெஸ்ட் ஹாம். ஆர்சனல், ஆயுதத் தொழிற்சாலை ஆட்களுடையது. மான்செஸ்டர் யுனைடெட், ரயில்வேக்காரர்களுடையது. ஜெர்மனியின் லெவர்குசென், பேயர் மருந்துக் கம்பெனியின் அணி. 2023-24-ல் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் பன்டஸ்லிகாவை வென்றது. அங்கே 1998 முதல் '50+1' விதி உண்டு. முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும் வாக்குரிமையில் பெரும்பான்மை கிளப் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசென் இதற்கு விதிவிலக்கு பெற்றது, கம்பெனியே தொடக்கத்திலிருந்து கூட இருந்ததால்.

சென்னையிலும் ஒரு காலத்தில் இதன் வேறொரு வடிவம் இருந்தது. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத் துறை, வருமான வரித் துறை, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகள்தான் லீக்கையே நடத்தின. இந்தியன் வங்கி தேசிய லீக் வரை போனது. வடசென்னைப் பையனுக்கு அப்போது ஃபுட்பால் என்றால் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'வில் ஒரு அரசு வேலை. கோடிகள் இல்லை, பென்ஷன் இருந்தது. அந்த வேலைகள் குறைந்தன. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய தொழில்முறை கிளப்புகள் மேலே சொன்ன நிலையில் இருக்கின்றன.

இந்தியாவில் இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஜாம்ஷெட்பூரில் கிளப் டாடா ஸ்டீலுடையது, ஜேஆர்டி டாடா ஸ்டேடியம் டாடா ஸ்டீலுடையது, 1987 முதல் இயங்கும் அகாடமியும் டாடாவுடையது. 2017-ல் ஐஎஸ்எல்லுக்கு வந்த கிளப், 2021-22-ல் லீக் ஷீல்டை வென்றது. ஒரு கம்பெனி ஊரையே நடத்தும் இடத்தில் இது சுலபம். எண்ணூரிலும் மணலியிலும் கம்பெனிகள் பல. ஊர் யாருடையதும் இல்லை.

மெரினா அகலமானது, ராயபுரம் கரைந்தது

இங்கே நிலத்தின் கதையே வேறு. துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததில் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் தொடங்கி கடல் அரித்துக்கொண்டே வந்தது. பசங்க பந்து உதைத்திருக்க வேண்டிய மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் தடுப்பு. அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி வரிசை. ஸ்டேடியத்துக்கு 'மெரினா' என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்த முரண் தெரிந்திருக்குமா, தெரியலை.

இதனால்தான் அந்த 9 மைதானங்கள் வெறும் பொழுதுபோக்கு இடங்கள் இல்லை. அவைதான் இந்த ஊர் ஃபுட்பாலின் மூலதனம்.

மூலதனத்துக்குப் பணம் போட வழி உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உள்ளது. மணலி, எண்ணூர் புகைக்குழாய்களின் சாம்பலையும் வாயுவையும் சுவாசிக்கும் பசங்களுக்கு அதிலிருந்து ஒரு பங்கு கேட்பது பிச்சை இல்லை. ஒரு நிபந்தனை: பணம் கம்பெனியுடையதாக இருக்கலாம், நிலமும் நேர அட்டவணையும் மாநகராட்சி கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது பேப்பர் வேலை. கொஞ்சம் போரிங், ஆனா காசு இங்கேதான். ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறும்போது டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதத்தை, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரச் சொல்கிறது ஃபிஃபா விதி. சம்மேளனத்தில் முறையாகப் பதிவான கிளப்பாக இருந்தால்தான் உரிமை. தெருமுனை டீம் பதிவு இல்லாமல் ஒரு நட்சத்திரத்தை உருவாக்கினால் மிஞ்சுவது பழைய குரூப் போட்டோ மட்டும். மாநிலச் சங்கமும் மாநகராட்சியும் இந்த டீம்களைப் பதிவு செய்ய ஒரு உதவி மையம் வைக்கலாம். ஸ்டேடியம் கட்டும் செலவில் இது தூசு.

செயற்கைப் புல் பத்து வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். அந்த 9 மைதானங்களிலும் புல்லை உரித்துப் போட வேண்டிய வருஷம் வரும்போது, பராமரிப்புக்கென்று மாநகராட்சி பட்ஜெட்டில் தனியாக ஒரு வரி இல்லாவிட்டால், 120 ரூபாய் மறுபடியும் மன்றத்துக்கு வரும். அப்போது அது 120-ஆக இருக்குமா என்பதுதான் சந்தேகம்.